ராஜினாமா செய்யாதவர்

“தப்பு சார். நான் ராஜினாமா பண்ணல. அவங்கதான் என்னை அனுப்பிட்டாங்க” என்று, லஸ் முனையில் டிராமுக்கு நிற்கும் ஒருவரைத் திருத்திக்கொண்டிருக்கிறார் மர்சலின். அனுதாபம் சொல்ல வந்தவர் விழிக்கிறார். வேலை போனதை இப்படி வலியச் சொல்லிக்கொள்ளும் மனிதரை அவர் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தவர் மர்சலின். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர். நாற்பத்தைந்து வயதாகியும் வயிறு ஒட்டியே இருக்கிறது. வெள்ளை நிஜாரைத் தானே பெட்டி போட்டுக்கொள்வார். யுத்த காலத்தில் புதுப் பந்து கிடைக்காதபோது, பழைய பந்துக்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டிக் காலம் தள்ளினார். மைதானத்தில் கத்த மாட்டார். யாராவது கைக்கு வந்த பந்தைப் பதறி எறிந்தால் பக்கத்தில் போய், “இன்னா கண்ணு, பந்து சுடுதா?” என்பார். அவ்வளவுதான்.

போன வருஷம் கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம். இடைவேளையில் அவருடைய அணிதான் முன்னால் இருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த குலாம் முகம்மதின் ஆட்டம் அப்படி. வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த மாணவன் என்று சொல்லி, அவனை அணிக்கு அனுப்பியவர் கல்லூரிக் காரியதரிசி சுவாமிநாதன். மர்சலின் அவன் தோளைத் தட்டி, “அடுத்த வருஷம் நீதான்டா கேப்டன்” என்றார். குலாமின் முகம் தொங்கிவிட்டது.

“சார், நான் இந்தக் காலேஜே இல்ல. எங்கயும் படிக்கல. செக்ரட்ரி சார்தான் இட்டுக்கினு வந்தாரு.”

மர்சலின் நேரே நடுவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். கோப்பை எதிரணிக்குப் போயிற்று.

வெளியாளைச் சேர்த்தது பயிற்சியாளரே என்றும், அவமானம் தாங்காமல் அவர் ராஜினாமா செய்துவிட்டார் என்றும் மறுநாள் கல்லூரி அறிவித்தது. பத்திரிகையிலும் அப்படியே வந்தது. சுவாமிநாதன் அவரைத் தனியாக அழைத்து, “பேசாம ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கோ. வேற காலேஜ்ல நானே சொல்லி வேலை வாங்கித் தரேன்” என்றார்.

“தொரத்துறதுன்னா தொரத்துங்க சார். நானா போனேன்னு மட்டும் எழுத மாட்டேன்.”

அந்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது, தெரிந்தவர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மர்சலின் அன்றுதான் கலங்கினார். வீட்டுக்கு வந்ததும், “கையெழுத்த போட்டுட்டே வந்திருக்கலாமோ?” என்றார் மனைவியிடம்.

மனைவி ஃப்ளோரன்ஸ் பள்ளிக்கூட ஆசிரியை. “போட்டிருந்தீங்கன்னா நான்தான் உங்க கூட நடக்க வெக்கப்பட்டிருப்பேன். அடுத்த வாரம் கோயில்ல முன்னாடியே போய் நிப்போம், வாங்க” என்றாள். நின்றார்கள்.

கோயிலை ஒட்டிய மணல் வெளியில், சாமியாரிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு கம்பங்கள் நட்டு வளையம் மாட்டினார் மர்சலின். முதல் நாள் நாலைந்து பேர் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் பழைய அணி முழுவதும் சாயங்காலம் அங்கேதான். கல்லூரி மைதானத்தில் ஆளில்லை. குலாமும் சும்மா இருக்கவில்லை. பிரின்ஸிபாலின் அறைக்கே போய், தன்னைக் கூட்டி வந்தது யார் என்று சொல்லிவிட்டான்.

போன வாரம் பயிற்சி நேரத்தில் சுவாமிநாதன் மணலில் நடந்து வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஆட்டம் நின்றது.

“நடந்தது நடந்துபோச்சு. ராஜினாமாவ வாபஸ் வாங்கிண்டுடுங்கோ. நாளைக்கே வந்து சேர்ந்துடலாம்.”

“குடுக்காதத எப்படி சார் வாபஸ் வாங்குறது? அனுப்பினது தப்புன்னு நோட்டீஸ் போர்டுல போடுங்க. அன்னிக்கே வரேன்.”

சுவாமிநாதன் மைதானத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தார். மர்சலின் மிகுந்த மரியாதையோடு அவர் முழங்கையைப் பிடித்து, சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். திரும்பி வந்து, பந்தை மேலே வீசினார்.