சும்மா ஓடுகிறார்களாம்

நெதர்லாந்துக்கு வந்த மூன்றாவது வாரம். காலை ஏழு மணி இருக்கும். சமையலறை ஜன்னலருகே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. பக்கத்து வீட்டு யோக்கா கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி ஓடினாள். கையில் குடை இல்லை, பை இல்லை. நாமக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி வெறுங்கையோடு தெருவில் ஓடினால் வீட்டில் யாருக்கோ முடியவில்லை, அல்லது எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பொருள். அடுப்பை அணைத்தேன். நைட்டியின் மேல் கணவர் செந்திலின் கோட்டை மாட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு அவள் பின்னால் ஓடினேன்.

கால்வாய்த் திருப்பத்தில் அவளைப் பிடித்துவிட்டேன். என்ன ஆச்சு என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். முகமெல்லாம் தண்ணீர் வழிய அவள் சிரித்துக்கொண்டே, "லெக்கர், ஹே?" என்றாள். லெக்கர் என்றால் ருசியாக இருக்கிறது என்று ரொட்டிக் கடையில் கற்றிருந்தேன். கொட்டுகிற மழையில் ஓடிக்கொண்டு ருசியாக இருக்கிறதா என்று கேட்கிறாளே, பாவம், புத்தி பேதலித்துவிட்டது, இவளைத் தனியாக விடக்கூடாது என்று பாலம் வரை கூடவே ஓடினேன். அங்கே அவள் நின்றாள், கைக்கடிகாரத்தை அழுத்தினாள், என் தோளில் தட்டி, வியாழக்கிழமையும் வா என்றாள். எனக்கு ஓட்டம் பழக்கமானது இப்படித்தான். லெக்கருக்குச் சுகமாக இருக்கிறது என்றும் பொருள் உண்டு என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் எனக்கே அது சுகமாக இருக்கத் தொடங்கியிருந்தது.

இந்த ஊரில் ஓடுகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. எதிரே இன்னொருவர் ஓடிவந்தால் ஒரு கையை லேசாகத் தூக்கி விரல்களை ஆட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான் உறவு. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், ஏன் தனியாகப் போகிறாய் என்பதெல்லாம் கிடையாது. முதல் ஆண்டு, நான் இருப்பதே இவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையோ என்று அழுதிருக்கிறேன். பிறகு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது பிடித்துப்போனது. என்னைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தெரியும். 'ஏன் இப்படிப் பெருத்துட்டே?' என்று கேட்க ஆளில்லாத தெருவில் நடப்பது ஒரு தனி சுகம்.

என் மகள் இனியா அந்தச் சுகத்திலேயே பிறந்தவள். பதின்மூன்று வயது. ஓட்டக் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். போன ஆடி மாதம் ஊருக்குக் கிளம்பப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தாள். "அம்மா, இதுதான் கடைசி. அடுத்த வருஷம் நான் வரல. அங்க என்னை ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கையில பார்சல் மாதிரி கொடுக்கறீங்க. எல்லாரும் பாக்கறாங்க. எல்லாரும் கேக்கறாங்க." செப்டம்பரில் அவளுக்கு ஓட்டப்பந்தயம் வேறு இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். அங்கே தினமும் காலையில் இங்கே ஓடுவதுபோல ஓட முடிந்தால் யோசிப்பாளாம். வருவேன் என்று சொல்லவில்லை, யோசிப்பேன் என்றாள்.

நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டேன். அவளில்லாமல் அந்த விமானத்தில் ஏறுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் வந்தால்தான் அது எங்கள் ஊர். இல்லாவிட்டால் நான் மட்டும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற இடமாகிவிடும். அந்த பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில். அண்ணன் குமரேசன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். போய் இறங்கிய அன்று சாயங்காலமே சாப்பாட்டு இலையின் முன் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓடறதா? எதுக்கு?" என்றார் அண்ணன்.

"ஒடம்புக்குங்ண்ணா."

"ஒடம்புக்கு ஓடோணுமா? பட்டறைக்கு வா. நாலு பலகை தூக்கு. தன்னால எளைச்சுருவே."

அப்பாவுக்கு வேறு சந்தேகம். "எதுவரைக்கும் ஓடறீங்க?"

"ஏரிக்கரை வரைக்குங்ப்பா."

"அங்க என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்ப்பா. திரும்பி வந்துருவோம்."

ஒன்றுமில்லாத இடத்துக்கு ஓடிப்போய் ஓடி வருவதா என்று அப்பா ரசத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலை நிமிர்ந்து, "மாப்பிள்ளையுமா?" என்றார். செந்தில் ஓமலூர்க்காரர். மாமனார் முன்னால் குரலே எழும்பாது. "ஆமாங் மாமா" என்று ஏதோ களவில் பிடிபட்டவர்போலச் சொன்னார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இனியா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு முன்னால். அவளுக்குப் பின்னால் செந்தில், அவருக்கு முன்னால் அவருடைய தொப்பை. கடைசியில் நான். எனக்கும் பின்னால், பொம்பளப்புள்ளைகளைத் தனியாக விடமாட்டேன் என்று அண்ணன் டிவிஎஸ்ஸில். முன்பெட்டியில் தண்ணீர் பாட்டிலும் ஒரு தூக்குப்போசி நிறைய அவித்த முட்டையும். எதிரே ஆடிக் காற்று ஆளைப் பிடித்துத் தள்ளியது. எனக்கு ஒரே சந்தோஷம். நெதர்லாந்தில் ஓடும்போது மூக்கில் எந்த வாசமும் ஏறாது. இங்கே முதல் திருப்பத்திலேயே கோழிப்பண்ணை வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

பண்ணை வாசலில் பழனியம்மாள் அக்கா முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். எங்களைப் பார்த்ததும், "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று பதறினார். பாட்டுச் சத்தத்தில் இனியாவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் ஆளைப் பார்த்துவிட்டாள், மரியாதை தெரிந்த பிள்ளை, கால்வாய்க்கரையில் செய்வதுபோலவே கையை லேசாகத் தூக்கி விரல்களை ஆட்டினாள். அங்கே அதற்கு வணக்கம் என்று பொருள். எங்கள் ஊரில் கையைக் கவிழ்த்து விரல்களை ஆட்டினால் சீக்கிரம் வா என்று பொருள். பழனியம்மாள் அக்கா கையிலிருந்த அட்டையை அப்படியே கீழே வைத்தார், சேலையைத் தூக்கிச் செருகினார், ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்லீங்க்கா!" என்று கத்தினேன். மூச்சு வாங்க ஓடுகிற ஒருத்தி ஒண்ணுமில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஏதோ இருக்கும்போதுதானே நாம் அந்த வார்த்தையையே சொல்வோம். அக்காவின் ஓட்டம் இன்னும் வேகமெடுத்தது. "ஒண்ணுமில்லீங்கறாளே, ஐயோ சாமி, ஒண்ணுமில்லீங்கறாளே" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

அண்ணன் பட்டறையில் காலை நேரத்து வெல்டிங் வேலை ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியின் தங்கை ஓடுகிறாள், மாப்பிள்ளை ஓடுகிறார், முதலாளியே பின்னால் வண்டியில் வருகிறார். நான்கு பேர் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். பால்காரர் சைக்கிளைத் திருப்பினார். ஒரு பள்ளிக்கூட பஸ் வேகம் குறைத்து எங்களோடு ஊர்ந்தது, ஜன்னல்தோறும் மூன்று தலை. நான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன், பத்து பேர், பதினைந்து பேர். ஒரு ஆள் அண்ணனிடம், "என்னாச்சுங்க? எங்கீங்க?" என்று கத்தினார். அண்ணனுக்கு டிவிஎஸ் சத்தத்தில் பாதிதான் கேட்டது. எங்கே ஓடுகிறார்கள் என்று கேட்கிறாராக்கும் என்று, "ஏரிக்கு!" என்று பதில் கொடுத்தார்.

அவ்வளவுதான். குடும்பமே ஏரிக்கு ஓடுகிறது. அப்படியானால் யாரோ ஏரியில் விழுந்துவிட்டார்கள். வீட்டில் யாரைக் காணோம்? அப்பாவைக் காணோம். "பெரியவரு ஏரியில உழுந்துட்டாராம்!" என்று பின்னால் ஒரு குரல். "கயிறு எடுத்தாங்கப்பா!" என்று இன்னொரு குரல். நான் கையை ஆட்டி இல்லை இல்லை என்றேன். காற்று என் பேச்சைப் பிய்த்துக்கொண்டு எங்கோ போனது. சிரிப்பு வேறு வந்துவிட்டது. ஓடும்போது சிரித்தால் அழுகிறமாதிரி சத்தம் வருமென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஏரிக்கரையை முதலில் தொட்டவள் இனியா. கடிகாரத்தை அழுத்தினாள், இடுப்பில் கை வைத்தாள், திரும்பினாள். பின்னால் ஊரே நிற்கிறது. வியர்வையும் மூச்சுமாக முப்பது பேர் இருக்கும், ஒருவர் கையில் சுருட்டிய கயிறு. எல்லாருடைய கண்ணும் அவள்மேல். காதிலிருந்ததை மெதுவாகக் கழற்றினாள். முகம் செக்கச் சிவந்துவிட்டது. என் சிரிப்பு பொசுக்கென்று நின்றது. எது வேண்டாம் என்று அவள் சொன்னாளோ அதைத்தான் முழு ஊரையும் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறேன். முதல் நாளே எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பழனியம்மாள் அக்கா அவள் தோளை இரண்டு கையாலும் பிடித்தார். "ஆரு சாமி? ஆரு உழுந்தது?"

இனியா என்னைப் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள். அதில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, சீமைக்கருவேலம்தான் நின்றது. அதை அதுவரை ஒருவரும் யோசிக்கவில்லை.

"யாரும் இல்லீங்க" என்றாள். "சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான் ஓடினோம்."

அந்த வார்த்தை கூட்டத்தில் பின்னோக்கிப் போனதைக் கண்ணால் பார்த்தேன். "சும்மாவாம்." "என்னது?" "சும்மா ஓடறாங்களாம்!" கடைசி ஆள்வரை போய்ச் சேர்ந்தது. டிவிஎஸ் மட்டும் பட்பட்டென்றது.

அப்போது பக்கத்துக் காட்டு வரப்பின் மேல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் செருப்போடு எங்கள் அப்பா ஓடிவந்தார். டீக்கடையில் இருந்திருக்கிறார். ஊரே ஏரிக்கு ஓடுகிறது என்று கேள்விப்பட்டுக் குறுக்கு வழியில் வந்திருக்கிறார். நேராகக் கயிற்றுக்காரரின் கையைப் பிடித்தார்.

"ஆருப்பா உழுந்தது?"

அவர் திருதிருவென்று விழித்தார். "நீங்கதானுங்க."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. பால்காரர் சைக்கிளோடு சாய்ந்தார். பழனியம்மாள் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு, "நாங் கெட்டேன், எஞ்சாமி, முட்டையெல்லாம் ரோட்டுல கெடக்குதே" என்று சிரித்தார். செந்தில் மாமனார் முன்னால் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். நான் இனியாவைத் தேடினேன். அவள் கரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் அம்மா இருந்த காலத்தில் அவர் முந்தானையைப் பிடித்துத் திரிந்த இரண்டு வயதுக்குப் பிறகு அந்த மண்ணில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அண்ணன் தூக்குப்போசியைத் திறந்து ஆளுக்கொரு முட்டை கொடுத்தார். பாதிப் பேருக்குத்தான் வந்தது.

"ஏனுங்க்கா, கேக்காமயே ஓடி வந்துட்டீங்களே" என்றேன்.

அக்கா முட்டையை உரித்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தரு ஓடுனா கேட்டு ஓடோணும், ஊரே ஓடுனா ஒத்து ஓடோணும்னு சொல்லுவாங்கல்ல? நீங்க மூணு பேரு ஓடுனீங்க. அதுக்கு என்ன கணக்குன்னு எனக்கெப்படித் தெரியும் அம்மிணி?"

திரும்பி நடக்கும்போது இனியா கேட்டாள். "அக்கா முட்டையை ரோட்டுலயே வெச்சுட்டு வந்தாங்களாம்மா?"

"ஆமா. நீ கை காட்டினே இல்ல?"

"நான் ஹாய்தான் சொன்னேன். ஆனா அவங்களுக்கு என்னன்னே தெரியாதே. ஏதாவது ஆபத்தா இருந்தா?"

"அதுக்குத்தாண்டி வந்தாங்க."

பண்ணை வந்ததும், ரோட்டில் கிடந்த முட்டை அட்டைகளை அவளே தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்றுகூட உடையவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு வாசலைத் திறந்தால் பழனியம்மாள் அக்காவும் பண்ணையில் வேலை செய்யும் மூன்று பெண்களும் சேலையைச் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். "போலாங்களா? இன்னைக்கு எதுக்கு ஓடறோம்?" என்றார் அக்கா. இனியா, "சும்மாங்க" என்றாள். மீதி மூன்று வாரமும் அது எங்கள் ஊர்வலம். எங்கே போறீங்க என்று வழியில் யார் கேட்டாலும் பத்துக் குரல் ஒன்றாக "சும்மா!" என்று சொல்லும். இனியாவின் குரல்தான் அதில் பெரியது. அப்பா மட்டும் ஒரு நாளும் ஓடவில்லை. முதல் நாள் ஓடியதே ஆயுசுக்கும் போதும் என்று சொல்லிவிட்டார்.

கிளம்பும் நாளில் பெட்டியைச் சரிபார்த்தபோது அவளுடைய ஓடுகிற ஷூக்களைக் காணோம். தேடினால் அண்ணன் வீட்டுக் கட்டிலுக்கடியில் செம்மண்ணோடு இருந்தன. "மறந்துட்டியாடி?" என்றேன். "மறக்கலை. அது இங்க ஓடறதுக்கு" என்றாள். அடுத்த வருடத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் மட்டும் குளியலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன், சந்தோஷத்தில்தான்.

போன வாரம், இங்கே, கால்வாய்க்கரையில் இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருந்தோம். புது ஷூவில் அவள் முன்னால், வழக்கம்போல. குளிர், மழைத்தூறல். எங்களைத் தாண்டி ஒரு வயதானவர் ஓடினார். குடை இல்லை, பை இல்லை, முகத்தில் ஏதோ கவலை. நான் விரலை ஆட்டிவிட்டு விட்டுவிட்டேன், இந்த ஊர் எனக்குக் கற்றுக்கொடுத்த மரியாதை அது. இனியா விடவில்லை. வேகமெடுத்து அவருக்குப் பக்கத்தில் போய், "மெனேர், வாட் இஸ் எர்?", என்ன ஆச்சு ஐயா என்று கேட்டுக்கொண்டே பாலம் வரை கூட ஓடினாள். அவர் காதிலிருந்ததைக் கழற்றினார், ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். "நிக்ஸ்" என்றார்.

பாலத்தின் நடுவில் நின்று அவள் என் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அம்மா! ஒண்ணுமில்லியாம்! சும்மா ஓடறாராம்!"

பிறகு கையை லேசாகத் தூக்கி விரல்களை ஆட்டினாள். அது இந்த ஊர்க் கையா, நாமக்கல் கையா என்று அந்தத் தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஓடினேன்.