கத்தரிக்கு அடங்காத சிக்கு

டெய்லர் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இருபத்தாறு வருஷமாக ஒரே மெஷின், ஒரே கத்தரி. யாராவது சட்டை பிடிக்கிறது என்று வந்தால், "என் தையல் அப்படியேதான் இருக்கு, உங்க உடம்புதான் ஏறிடுச்சு" என்று வாயை அடைத்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளைப் பாடாய்ப் படுத்தியது ஒரு பூனை. மகள் வளர்த்தது. வேலைக்காக வேறு ஊருக்குப் போன மகள், விடுதியில் பூனைக்கு இடமில்லை என்று அம்மாவின் தலையில் கட்டிவிட்டாள். உடம்பு முழுக்க நீள முடி. இஸ்திரி போட்டு வைத்த கறுப்புக் கோட்டின் மேல் படுத்தால்தான் அதற்குத் தூக்கமே வரும்.

"இந்தச் சனியனை எப்ப கூட்டிட்டுப் போறே?" என்று தினமும் போனில் கத்துவாள்.

"தினம் சீவி விடும்மா, இல்லேன்னா சிக்கு விழுந்துடும்" என்பாள் மகள்.

"எனக்கே தலை சீவ நேரமில்ல. இதுக்குச் சடை வேற பின்னி விடணுமா?"

சிக்கு விழுந்தது. வயிற்றோரத்திலும் கக்கத்திலும் கம்பளித் துண்டு போல இறுகிக்கொண்டது. சீப்பைப் போட்டால் சீப்பின் பல் போனது, கையில் நாலு கீறல் விழுந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள். பிசிறு நூலை வெட்டுவது போலவே இரண்டு விரலால் சிக்கைத் தூக்கிப் பிடித்து, அடியோடு ஒரு வெட்டு. துணியில் நூலைத் தூக்கினால் நூல் மட்டும் வரும். பூனையிடம் சிக்கோடு தோலும் எழும்பி வந்ததை அவள் கவனிக்கவில்லை.

கால்நடை டாக்டர் இரண்டு தையல் போட்டார். "சிக்குக்குக் கத்தரியே ஆகாதும்மா. அடிமுடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, நுனியிலேருந்து விரலால பிரிக்கணும். அப்பத்தான் தோல் இழுபடாது. வாலை ஆட்ட ஆரம்பிச்சா உடனே விட்டுடுங்க. தினம் அஞ்சு நிமிஷம் போதும்."

அவர் போட்ட தையலில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வேறு நாளாயிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள். அன்று பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

விஷயத்தைக் கேட்டு மகள் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உனக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம். எங்க ஆபீஸ்ல ஒருத்தங்க வளர்க்கிறேன்னு சொல்றாங்க. மாசக் கடைசியில வந்து எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போ" என்று போனை வைத்தாள். வைத்த கையோடு பூனை எங்கே என்று தேடினாள். இத்தனை நாள் கேட்டது இதைத்தானே என்று தன் மேலேயே எரிந்து விழுந்தாள்.

பூனை அவளைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. கத்தரிச் சத்தம் கேட்டால் அன்று முழுக்க வெளியே வராது. வெட்டுகிற வேலையை எல்லாம் சமையலறைக்கு மாற்றினாள். முட்டி வலிக்கத் தரையில் உட்கார்ந்து கையை நீட்டி வைத்திருந்தாள். "வந்தா வா, வராட்டி போ. உனக்கு நான் என்ன அடிமையா?" என்று கட்டிலைப் பார்த்துத் திட்டினாள். திட்டிவிட்டு மறுபடி கையை நீட்டினாள். ஆறாம் நாள் வந்து விரலை மோந்தது. நாலு முடி பிரிப்பதற்குள் வால் ஆடும், விட்டுவிட வேண்டும். ஒரு சட்டையைத் தைத்து முடிக்கிற பொறுமை அரைச் சிக்குக்குப் போதவில்லை. துணி கொடுத்தவர்களெல்லாம் வாசலில் நின்று கத்தினார்கள். அவளும் பதிலுக்குக் கத்தினாள்.

மாசக் கடைசியில் மகள் கூடையோடு வந்தாள். அவசரத்தில் பூனையின் முன்னங்கால்களை மட்டும் பிடித்துத் தூக்கினாள்.

"அடியே, அப்படியா தூக்குவே? பின்னங்காலுக்குக் கை குடு! நெஞ்சோட அணைச்சுப் பிடி!"

மகள் திகைத்துப்போய்க் கையை விட்டாள். பூனை ஓடி வந்து டெய்லர் அக்காவின் மடியில் ஏறிக்கொண்டது.

"நீயே கூடையில விடும்மா."

டெய்லர் அக்கா அசையவில்லை. "கக்கத்துல இன்னும் ஒரு சிக்கு பாக்கி இருக்கு. இப்படியே குடுத்தா அவங்க கத்தரியத் தூக்குவாங்க. அது பிரியட்டும், அப்புறம் பாக்கலாம்."

மகள் குனிந்து பூனையின் கக்கத்தைத் தடவினாள். முடி வழுக்கிக்கொண்டு போனது. ஒரு முடிச்சுகூடத் தட்டுப்படவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, பெரிய சிக்குதான்" என்று சொல்லிக் காலிக் கூடையை மூடினாள்.

டெய்லர் அக்கா சீப்பை எடுத்தாள். "அஞ்சே நிமிஷம். ஆடாம இரு, சனியனே."