இரண்டு இணைப்பு, ஒரே கம்பம்

எங்கள் வீட்டில் இரண்டு இன்டர்நெட் இணைப்புகள் உண்டு. இருப்பது இரண்டே பேர்; அதிலும் பேசுவது பெரும்பாலும் நான். ஆனாலும் ஒரு கம்பனியிடம் வயர், இன்னொரு கம்பனியிடம் டவர் சிக்னல் என்று எடுத்து, ஒன்று செத்தால் மற்றதற்குத் தாவும் ரவுட்டரும் வாங்கினேன். விருந்தாளிகளுக்குச் சாமியறையைக் காட்டுவதற்கு முன் அதைத்தான் காட்டுவேன்.

ஒரு குறை இருந்தது. பாதை மாறினால் இன்டர்நெட்டில் என் விலாசமும் மாறும்; நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அறுந்துவிடும். எந்தப் பாதையிலும் ஒரே விலாசம் வேண்டுமென்றால் உலகத்துப் பெரிய ரவுட்டர்களெல்லாம் என் வீட்டைத் தனியாக ஞாபகம் வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு இப்படிக் கேட்டால் அவை தாங்காது. அதனால் ‘யார்’ என்பதையும் ‘எங்கே’ என்பதையும் பிரித்து வைக்கும் புதிய இன்டர்நெட்டுக்கு ஆராய்ச்சிகள் நடக்கின்றன. இதையெல்லாம் வாசித்து, காலைச் சாப்பாட்டில் மனைவிக்கு விளக்கினேன்.

“ஏங்க, கடைக்குப் போனா நீங்க வேற ஆளா ஆயிருவீங்களா?” என்றாள். “ஆனா நல்லாத்தான் இருக்கும்.”

போன மழைக்கு அவள் மலைமேல் எல்கடுவ தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கப் போயிருந்தாள். நான் மாத்தளையில், வீட்டில். மத்தியானம் வீடியோ அழைப்பு வந்தது.

“லயத்துக்குப் பின்னால மண்ணு சரியுதுங்க. எல்லாரும் கத்துறாங்க. நாங்க இப்ப...”

கணினித் திரையில் அவள் முகம் வாய் திறந்தபடி உறைந்தது. ரவுட்டரின் விளக்கு நிறம் மாறியது: வயர் செத்து, டவருக்குத் தாவுகிறது. வாங்கிய நாளிலிருந்து நான் ஆசையோடு காத்திருந்த காட்சி. அழைப்பு கூடவே தாவவில்லை. கொஞ்ச நேரத்தில் டவர் விளக்கும் அணைந்தது. கைபேசி அதே டவரை நம்பியிருந்ததால் அதிலும் ஒன்றுமில்லை.

திரையை மூட எனக்குக் கை வரவில்லை. மூடினால் அந்த முகமும் போய்விடும் என்று தோன்றியது. அப்படியே திறந்து வைத்துவிட்டு வெளியே ஓடினேன்.

தெரு முனையில் மரம் விழுந்து கம்பம் சாய்ந்து கிடந்தது. என் வயரும், டவருக்குப் போகும் மற்றக் கம்பனியின் கேபிளும் அதே கம்பத்தில்தான் போயிருக்கின்றன. இரண்டும் கட்டிப்பிடித்தபடி மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தன.

பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரைப் பிடித்தேன்.

“எல்கடுவ பஸ்ஸா? மேல போனது ஒண்ணும் எறங்கல சேர். லயத்து மேல மண்ணு விழுந்திருச்சாம்.”

“எந்த லயம்?”

“அது தெரியாது.”

பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் பஸ் தெரியாதே என்று எழுந்தேன். படித்ததில் ஒரு வரி கூட உதவிக்கு வரவில்லை. அவள் யார் என்று எனக்குத் தெரியும். எங்கே என்றுதான் தெரியவில்லை.

இருட்டுவதற்குள் சேறு அப்பிய பஸ் ஒன்று வந்தது. முதலில் ஒரு ரைஸ் குக்கர் இறங்கியது, அதைப் பிடித்தபடி அக்கா. பின்னால் அவள், முழுக்க நனைந்து. இடிந்தது பக்கத்து லயம்; ஆட்கள் அதற்கு முன்பே மேட்டுக்கு ஏறிப் போய்விட்டார்களாம்.

நான் ரைஸ் குக்கரை வாங்கிக்கொண்டேன். அவள்தான் பேசினாள்.

“கோயிலுக்கு ஏறிப் போறோம்னு நடந்துகிட்டே உங்ககிட்ட பூராவும் சொன்னேங்க. நீங்க குறுக்க ஒரு வார்த்தை பேசல. அப்பவே லைன் போயிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.”