ஜெயராஜுக்கு வந்த கிளாஸ் டீ

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் சூளைக்குச் சரக்கு அடுக்கும் ஜெயராஜைத் தெரியாதவர் கிடையாது. காலனிக்காரர். எட்டாவது வரை மிஷன் ஸ்கூல். பொம்மையோ பியூஸ் கட்டையோ, அவர் அடுக்கினால் ஒன்றும் சாயாது. ஆனால் கோதண்டபாணி டீக்கடையில் அவருக்கு மட்டும் காது உடைந்த பீங்கான் கப்பு, மற்றவர்களுக்குக் கிளாஸ். அங்கே கிளாஸில் ஒரு டீ குடித்துவிட வேண்டும் என்பது அவருடைய பத்து வருஷத்து ஆசை.

எண்பத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதே டீக்கடைக் கொட்டகையில் வீடியோ டெக் ஓடியது. டெக் வாடகைக்கு விடும் நடராசன், மங்கலம்பேட்டை துபாய்க்காரர் ஒருவரிடம் சண்டைப் படம் என்று கேட்டு கேசட் வாங்கி வந்திருந்தான். போட்டால், கறுப்பு வெள்ளையில் ஒரே இங்கிலீஷ் பேச்சு. ஜனம் கத்தியது. வெளியே நின்றிருந்த ஜெயராஜைக் கையைப் பிடித்து இழுத்துவந்து டிவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தான் நடராசன்.

"நீ ஃபாதர்கிட்ட படிச்ச ஆளு. கதய சொல்லுப்பா."

பாதி காதில் விழுந்தது, மீதி கைச்சரக்கு. வெள்ளைக்காரர்கள் ஊர். கடிகாரக் கடைக்காரனை யாரோ கொன்றுவிட, ஊர் மொத்தமும் ஒரு கறுப்பு வாத்தியாரைக் கைகாட்டியது.

"எவனாவது கண்ணால பாத்தானா? இல்ல. ஆளு கறுப்பு, அதான் சாட்சி."

கூட்டம் முட்டி போட்டு எழும்பிவிட்டது.

அடுத்து, வாத்தியார் தண்ணீர் குடித்த கிளாஸை ஓட்டல்காரன் குப்பையில் வீசினான்.

"இன்னாண்ணே நிறுத்திட்ட? கிளாஸ ஏன் தூக்கிப் போட்டான்?" என்றாள் பொம்மைக்கு பெயின்ட் அடிக்கும் வாசுகி.

"கறுப்பு ஆளு வாய் வெச்சதாம்."

"அதுக்கு நம்ம மொதலாளி தேவல. கப்ப கழுவி மறுபடியும் உனக்கே குடுக்கறாரு."

கொட்டகை சிரித்தது. கோதண்டபாணி பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார்.

கடைசியில் கோர்ட்டு. கூண்டில் ஏறிய ஒரு பொம்பளை படபடவென்று பேசி ஒரு பேரைச் சொன்னாள். கோர்ட்டே எழுந்து நின்றது. ஜெயராஜ் கை நீட்டி டெக்கை நிறுத்தினார்.

"தொண்ட காஞ்சிபோச்சி. டீ குடிச்சாத்தான் கொலகாரன் பேரு வரும். கிளாஸ்ல."

"குடுங்க மொதலாளி", "சீக்கிரம் ஆத்துங்க" என்று அறுபது வாய். எல்லாரையும்விட கோதண்டபாணிக்குத்தான் அந்தப் பேர் தெரிய அவசரம். கிளாஸைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். நுரை பொங்க ஆற்றித் தன் கையாலேயே நீட்டினார்.

ஜெயராஜ் ஊதி ஊதிக் குடித்தார். அவருக்கும் அவகாசம் தேவைப்பட்டது. அந்தப் பொம்பளை சொன்ன பேர் அவருக்கே விளங்கவில்லை.

"யாருப்பா அது?" என்றார் கோதண்டபாணி.

அடிவரை குடித்துவிட்டு, கிளாஸை மற்ற கிளாஸ்களோடு வைத்தார் ஜெயராஜ்.

"ஓட்டல்காரன்தான் மொதலாளி."