ராகு காலத்தில் மாட்டிய முதல் செய்தி

போன வாரம் கேபிள்காரர் புதுப் பெட்டியை மாட்டிவிட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தார். "இம்மாஞ் சேனல் கீது, இன்னும் இன்னா சார் தேடுற?" நான் தேடியது அதில் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பெட்டி சூடேறிக் கிளம்பிய பிளாஸ்டிக் வாடையில் கீழ்க்கட்டளை ஸ்டுடியோ ஞாபகம் வந்துவிட்டது.

சௌராஷ்டிர மொழிக்கென்று அரசாங்கமே ஒரு சேனல் தொடங்கியது, தெரியுமா உங்களுக்கு? தெரிந்திருக்காது. வாடகைக் கட்டடம், பெயின்ட் காயாத சுவர், செய்தி வாசிக்க நான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பம்மலில் குடியிருந்த வீட்டில் எங்கள் மொழியை அவள் தாழ்ந்த குரலில்தான் பேசுவாள். கொஞ்சம் சத்தம் கூடினால் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "என்னியப் பத்திதானே பேசிக்கினு கீறீங்க?" என்பார். நாங்கள் சாம்பாரில் உப்பு குறைந்ததைப் பேசிக்கொண்டிருப்போம். சில சமயம் அவரைப் பற்றியும்தான்.

தொடக்க நாளன்று அவரையே அழைத்து வந்து டிவி முன்னால் உட்கார வைத்திருந்தாள் அம்மா. அரசாங்க டிவியிலேயே பேசுகிற மொழி இது என்று ஒருமுறை அவர் காதில் விழவேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு விளக்கேற்றினார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வாழ்த்துரை, என் செய்தி, எல்லாம் முடிய வேண்டும். வந்தவர்கள் எங்கள் மொழியின் பெருமையைத் தமிழில் பேசினார்கள். ஒருவருக்குப் பொன்னாடை, அவருக்குப் போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை. பவுடர் வழிய நான் காத்திருந்தேன். என் முறை வந்தபோது மணி பத்தரை. நிலைய இயக்குநர் கையை நீட்டித் தடுத்தார்.

"முதல் நியூஸ், ராகு காலத்துல வேணாம்."

"பன்னண்டுக்கு ஒளிபரப்பே முடிஞ்சிடும் சார்."

"நாளைக்கு வாசிங்க."

மிச்ச நேரம் முழுக்க நாதஸ்வரம் ஓடியது. சௌராஷ்டிர சேனலின் முதல் நாளில் ஒரு வார்த்தை சௌராஷ்டிரம் இல்லை. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

"ஏம்மா, இதுவும் தமிழ்தானே. இதுக்கா என்னிய இம்மா நேரம் குந்த வச்சே?" என்று கேட்டுவிட்டுப் போனாராம் வீட்டுக்கார அம்மா. இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் வாசித்தேன். கூப்பிட்டும் அவர் வரவில்லை. அம்மா வால்யூமை முழுசாக ஏற்றி, ஜன்னலையும் வாசற்கதவையும் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தாளாம். கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

பிறகு ஒருநாள் ஓசையில்லாமல் சேனலை மூடினார்கள். அதற்கு யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை. அம்மாவும் போய்விட்டாள். மனைவி தமிழ் வீட்டுப் பெண்; வீட்டில் தமிழ்தான். எரிச்சல் வரும்போது மட்டும் என்னையறியாமல் எங்கள் மொழியில் கத்திவிடுகிறேன். உள்ளறையிலிருந்து மகள் கேட்கிறாள்: "அப்பா, போன்ல யாரு?"

யாரும் இல்லை என்று தமிழில் சொல்கிறேன்.