அப்பா கொண்டுவந்த சந்தன ஒட்டகம்

அப்பாவின் பெட்டியைத் திறந்ததும் கூடம் முழுக்க அத்தர் வாசனை குப்பென்று அடித்தது. சோப்பு, தைலம், நைலக்ஸ் சேலை எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு துண்டில் சுற்றி, சாண் உயரத்துக்கு ஒரு மர ஒட்டகம். "அசல் சந்தனம், துபாய்ல வாங்கினது" என்று அப்பா அதை என் கையில் கொடுத்தபோது, நீடாமங்கலத்திலேயே என்னைப் போல் பாக்கியசாலி கிடையாது என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்து வந்த அப்பா அல்லவா!

அம்மாவுக்கு அந்தப் பூரிப்பெல்லாம் வரவில்லை. கத்தரிக்காயைக்கூடக் காம்பைக் கிள்ளிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். எனக்கும் அதே புத்திதான், மறைப்பானேன். "பாலைவனத்துல ஏதுங்க சந்தன மரம்?" என்று கேட்டவள், அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து ஒட்டகத்தின் பின்னங்காலைச் சந்தனக்கல்லில் வைத்து, தண்ணீர் விட்டு இழைத்தே பார்த்துவிட்டாள். காவி நிறத்தில் சாயம் வந்ததே தவிர வாசனை வரவில்லை. நான் அழுதேன். அம்மாவுக்கு அப்பாவின் விரலிடுக்குகள் மேலும் ஒரு கண். "கிடங்குல வாட்ச்மேன் வேலை பார்த்தவருக்கு 'சேத்துப்புண்' எப்படி வந்துச்சு?" என்று முணுமுணுத்தாள். நாளெல்லாம் தண்ணீரில் நின்று நடவு நடுகிற பெண்களுக்கு வருகிற புண் அது.

அவள் சும்மா சந்தேகப்படவில்லை. அவளுடைய ஒரே தம்பி, என் மாமா, அப்பாவை அனுப்பிய அதே ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை பம்பாய்க்கு ரயிலேற இருந்தார்.

மறுநாள் ஒட்டகத்தை மஞ்சள் பையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, ரயிலடியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஹனீபா பாயிடம் போனாள். பாய் பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். ஒட்டகத்தைக் கவிழ்த்து, நகத்தால் சுரண்டி, திமிலைத் தட்டிப் பார்த்தார். "சந்தனம் இல்லம்மா. சாதா மரத்துல சாயம் ஏத்தி எண்ணெய் தடவியிருக்கான். விசாவுக்காக நான் பம்பாய்ல கிடந்தப்ப ஸ்டேஷன் வாசல்ல இதைத்தான் கூவிக் கூவி வித்தானுங்க" என்றார். என்ன நினைத்தாரோ, உடனே, "துபாய்லயும் விப்பாங்கம்மா, இதை வச்சு எதையும் சொல்லிட முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்ட அம்மா, ஒட்டகத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. "வெள்ளிக்கிழமை தம்பி கிளம்புறான். அனுப்பலாமாங்க?" என்று மட்டும் கேட்டாள். 

"வேணாம்" என்றார் அப்பா. பிறகு, "நான் பிளேனே ஏறலை. என்னைப் பம்பாய்ல விட்டுட்டு ஏஜெண்டு கம்பி நீட்டிட்டான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குத் திரும்புறது? அங்கேயே ஒரு ஹோட்டல்ல தட்டுக் கழுவிக்கிட்டுக் கிடந்தேன்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மா ரசம் ஊற்றினாள்.

மாமாவின் பயணம் அன்றைக்கே நின்றது. காரணம் கேட்ட தெருக்காரர்களிடம், "ஜாதகத்துல கடல் தாண்டுற யோகம் இல்லையாம்" என்றாள். அப்பாவைப் பற்றி யாராவது விசாரித்தால், "துபாய் வெயிலு இருக்கே, தரையில முட்டைய உடைச்சா பொரிஞ்சுடுமாம்!" என்று கூசாமல் அளந்தாள்.

ஒட்டகம் எந்த மழையில், எந்த வீடு மாற்றத்தில் தொலைந்ததோ தெரியவில்லை. பாயின் கடையும் இப்போது இல்லை. போன மாசம் அப்பாவும் போய்விட்டார். தெருப் பிள்ளைகள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் "துபாய் சிங்காரம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிட்டப் போய் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள்.