சோபாவில் குத்திய குண்டூசி

அன்றைக்கு வீட்டில் இருந்தது நான். என் வீட்டுக்காரி. பிரசவத்துக்கு வந்திருந்த மகள். அவள் பெற்ற பெண் குழந்தை, பிறந்து நாற்பது நாள் இன்னும் கழியவில்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் அட்டெண்டராக இருக்கிற மருமகன், ஞாயிற்றுக்கிழமை என்று வந்திருந்தார். அப்புறம் பூனை.

நான் குஷன் வேலை செய்கிறவன். பம்மலில் கடை, பொழிச்சலூரில் வீடு. எத்தனையோ வீட்டுக்கு சோபா செய்து போட்டிருக்கிறேன். என் வீட்டில் பிளாஸ்டிக் சேர்தான். மகள் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கட்டும் என்று கடையில் மீந்த துணியைப் போட்டு ஒன்று செய்தேன். சாக்கு மாதிரி முரட்டு நெசவு, நன்றாக உழைக்கும். பூனைக்கும் அது பிடித்துவிட்டது.

வந்த அன்றே கைப்பிடியில் நகத்தைப் போட்டது. எலுமிச்சம்பழத் தோல் வைத்தோம், தள்ளிவிட்டுப் பிறாண்டியது. வேப்பெண்ணெய் தடவினோம், நாங்கள்தான் அந்தப் பக்கம் உட்கார முடியவில்லை. கட்டையில் தேங்காய்நார் கயிறு சுற்றி நிறுத்தினேன். அதை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு சோபாவுக்கே போனது.

"மாமா, நான் போறப்ப வண்டியில எடுத்துட்டுப் போய் வண்டலூர்ல வுட்டுடறேன்" என்றார் மருமகன், முந்தின ஞாயிறு வந்தபோது.

"அங்க ஜூ கீது. புலிக்குத் தம்பின்னு உள்ள சேத்துக்குவாங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

"அத வுட்டா நானும் கூடவே எறங்கிக்குவேன்" என்றாள் மகள். பூனை அவள் வளர்த்தது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இருக்கிறது.

புது சோபாவை டெலிவரி கொடுக்கும்போது சுற்றுகிற தடித்த பாலிதீன் கடையில் இருந்தது. கொண்டுவந்து இரண்டு கைப்பிடியிலும் முதுகிலும் போர்த்தினேன். ஆணி அடித்தால் துணி ஓட்டையாகும். வீட்டில் குண்டூசி பாக்கெட் இருந்தது, அதை எடுத்து ஓரமெல்லாம் குத்திவிட்டேன். பாலிதீனில் நகம் வழுக்கியது. பூனை இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு நிம்மதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். குழந்தை சோபாவில் தூங்கியது. திடீரென்று வீறிட்டது. பசி அழுகை இல்லை, எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மகள் எச்சில் கையோடு ஓடினாள்.

தொடையில் சிவப்பாக ஒரு புள்ளி. அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம். விரிப்பில் ஒரு குண்டூசி கிடந்தது.

அப்போதுதான் பார்த்தேன். சோபாவின் பின்பக்கம் பாலிதீன் கிழிந்து தொங்கியது. பூனை பல்லால் பிடித்து இழுத்திருக்கிறது. குத்தியிருந்த ஊசிகளில் பாதி இடத்தில் இல்லை.

"யா அல்லா" என்றாள் என் வீட்டுக்காரி. பிறகு என்னைப் பார்த்து, "எத்தினி குத்துனீங்க?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை.

வெளி வேலைக்குப் போனால் ஆணியை எண்ணித்தான் எடுப்பேன், எண்ணித்தான் வைப்பேன். கஸ்டமர் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். இது என் வீடு. எண்ணவில்லை. பாக்கெட்டும் பிரித்த பாக்கெட். அதிலிருந்து வீட்டுக்காரி ஜாக்கெட்டுக்கு எடுத்திருக்கிறாள், மகள் முக்காட்டுக்கு எடுத்திருக்கிறாள். எத்தனை மிச்சமிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

மருமகன் குழந்தையையும் மகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார். அவர்கள் வரும்வரை நான் ஒன்றும் செய்யவில்லை. வாசலில் நின்றேன். ஏரோப்ளேன் தலைக்கு மேல் இறங்கியது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டேன்.

திரும்பி வந்தார்கள். "ஒண்ணும் இல்லையாம். ஒரு குத்துதான். உள்ள எதுவும் போகல" என்றார் மருமகன். கொஞ்சம் பொறுத்து, "வீட்ல இன்னும் கெடக்கும், எல்லாத்தையும் தேடி எடுங்கன்னு டாக்டர் சொன்னார் மாமா" என்றார்.

குழந்தையை எங்கே கிடத்துவது என்று தெரியவில்லை. பாயில் வேண்டாம் என்றாள் மகள். தொட்டிலில் வேண்டாம் என்றாள். தோளிலேயே வைத்திருந்தாள்.

பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று என்னிடம் உண்டு. கடையில் சிந்துகிற ஆணியை அதை வைத்துத்தான் பொறுக்குவேன். கடைக்குப் போய் எடுத்து வந்தேன். தரையெல்லாம் இழுத்தேன். கதவிடுக்கில், பீரோ அடியில், மிதியடியில் கிடைத்தது. பூனை எதை எங்கே தள்ளியிருக்கும் என்று எப்படிச் சொல்வது? தொட்டில் சேலையை உதறினாள் வீட்டுக்காரி. டிங் என்று சத்தம். மடிப்புக்குள் ஒன்று இருந்திருக்கிறது. குழந்தையின் தலை இருக்கிற பக்கம்.



சோபாவைக் கவிழ்த்தேன். நான் அடித்த ஆணியை நானே பிடுங்கினேன். துணியை உரித்தேன். ஃபோமைத் தடவித் தடவிப் பார்த்தேன், என் கையில் குத்தினால் நல்லது என்று. இரண்டு இடத்தில் குத்தியது. உள்ளே வைத்திருந்த தேங்காய்நார் ஷீட்டை வெளியே போட்டதும் பூனை வந்து அதன்மேல் ஏறி நகத்தைத் தீட்டியது.

"போதுமா உனுக்கு? சந்தோசமா?" என்றாள் என் வீட்டுக்காரி. அடிக்கக் கை ஓங்கினாள், அடிக்கவில்லை.

வெறும் கட்டைதான் மிச்சம். அதிலும் காந்தத்தை ஓட்டினேன். ஒன்றும் ஒட்டவில்லை.

கிடைத்ததையெல்லாம் எவர்சில்வர் தட்டில் போட்டிருந்தோம். மகள் குழந்தையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாம் வந்துடுச்சா அத்தா?"

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினேன். மருமகனும் உட்கார்ந்து எண்ணினார். இரண்டு பேருக்கும் ஒரே கணக்குதான் வந்தது.

ஐம்பத்தேழு.